சாளை இருந்த இடம்

காலை பத்து மணிக்கு முன்னும் பின்னுமாக எங்கள் தெருவில் அந்தக் குரல் கேட்கும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கும் கடியப்பட்டணத்திலிருந்து தக்கலை வரைக்கும் பஸ்ஸில் வந்து, அதன்பிறகு தலையில் சருவப் பாத்திரத்தோடு வீடு வீடாக நடக்கிற மீன்கார அக்கா. எங்கள் வீட்டுப் படியில் சருவத்தை இறக்கி, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்த பிறகுதான் மூடியிருக்கும் தட்டை எடுப்பார். இருபது வருடப் பழக்கம். 2023 ஆகஸ்டில் ஒரு நாள் அவரிடம் சொன்னேன்: "இனி எனக்கு மீன் வேண்டாம் அக்கா. வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் மட்டும் போதும்."

கையில் எடுத்திருந்த சாளையை (மத்தி மீனை) மறுபடி சருவத்தில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம் மக்ளே, ஒனக்கு என்ன சீக்கு?"

சீக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 82 கிலோ இருந்தேன். மாடிப்படி ஏறினால் வலது முட்டு வலிக்கும். மூன்று மாத சர்க்கரை அளவு 6.2. அதாவது சர்க்கரை நோய் வரவில்லை, வாசலில் நிற்கிறது. அதற்காக மூன்று வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடற்பருமன். எனக்கு 32-க்கு மேல். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எனக்கு 101.

ஆனால் மீனை விட்டதற்கு எடை மட்டும் காரணம் இல்லை. இரணியலில் அம்மா வீட்டுத் தொழுவத்தில் எப்போதும் ஒரு மாடு நிற்கும். அந்த வருடம் அது காளைக்கன்று போட்டது. கிடாரி என்றால் வளர்ப்பார்கள். காளைக்கன்றை வைத்து யாரும் இப்போது உழுவதில்லை. நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த அன்று கன்றை வண்டியில் ஏற்றினார்கள். தாய் மாடு இரண்டு நாள் தீவனம் எடுக்காமல் தொழுவத்து வாசலையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா கறந்து கொண்டுவந்த பாலில் போட்ட சாயாவை என்னால் குடிக்க முடியவில்லை. குடிக்க முடியாத பாலுக்கும் அடுத்த வேளை தட்டில் இருந்த மீனுக்கும் நடுவில் கோடு போடவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் விட்டேன். முட்டையும் நெய்யும் தயிரும் அதோடு போயின. தேனையும் விட்டேன். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டத்தில் மாமா தேனீப்பெட்டி வைத்திருக்கிறார். ரப்பர் மரம் தளிர்க்கும் மாசி மாதத்தில் அந்த இலைக்காம்பில் ஊறும் தேனைத்தான் எங்கள் பக்கத்துத் தேனீக்கள் அதிகம் எடுக்கின்றன. அந்த முதல் வடிப்புத் தேனை விட்டது, பாலை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்படி விலங்கிடமிருந்து எதையும் எடுக்காமல் சாப்பிடுவதற்கு வீகன் என்று 1944-இல் இங்கிலாந்தில் பெயர் வைத்தார்கள். தமிழில் நனிசைவம் என்கிறோம். நல்ல சொல். என்ன செய்தாலும் எங்கள் ஊரில் அதை விளக்கித்தான் ஆக வேண்டும். "சைவமா? அப்போ மோர் குடிக்கலாம்லா?" என்று கேட்பார்கள். குடிக்கக் கூடாது என்றால் ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை.

நனிசைவத்துக்கு மாறினால் எடை தானாக இறங்கும் என்று நம்பித்தான் தொடங்கினேன். மீன் பொரிப்பது நின்றது, பால் நின்றது, நெய் நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த ஆவணியில் ஓணம் வந்தது. தேங்காய்ப்பாலில் செய்த அடைப்பிரதமன் நனிசைவம்தான். ஏத்தங்காய் சிப்ஸ் நனிசைவம். சாயாக்கடையில் சுடச்சுட எடுக்கும் பழம்பச்சி நனிசைவம். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்துத் தேங்காய் போட்டு மசித்தால் அதுவும் நனிசைவம். கருப்பட்டி போட்ட கட்டன்காப்பியை நாளைக்கு நாலு தடவை குடித்தேன். கருப்பட்டிக்குக் கணக்கு கிடையாது என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதிலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரிதான், சீனியைப் போலவே. டிசம்பரில் எடை பார்த்தபோது 84 கிலோ.

அந்த நாலு மாதமும் நான் ஏமாற்றவில்லை. ஒரு துண்டு மீன்கூட வாயில் வைக்கவில்லை. மீன்தான் என்னைக் குண்டாக்கியது என்று நினைத்த இடத்தில்தான் தப்பு.

அதை எனக்குப் புரியவைத்தது சமையல்கட்டில் வைக்கிற ஒரு சின்ன எடைத்தராசு. கேக் செய்வதற்கென்று மகன் வாங்கி, மூன்றாம் வாரத்தில் மூலையில் போட்டது. டிசம்பர் கடைசியில் அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தார். அன்று உள்ளித்தீயல் (தேங்காய் வறுத்தரைத்த புளிக்குழம்பு), தண்டங்கீரைத் துவரன் (பொரியல்), தொட்டுக்கொள்ள ஒரு சம்மந்தி (துவையல்). அம்மா திருவி வைத்த தேங்காயை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். தீயலுக்கு ஒரு மூடி, அதாவது அரைத் தேங்காய், 165 கிராம். எங்கள் தேங்காய் ஈத்தாமொழி நெட்டை இனம், மூடி பெரிது. துவரனுக்கு 60. சம்மந்திக்கு 70. மொத்தம் 295 கிராம். பச்சைத் தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, அதில் பெரும்பகுதி கொழுப்பு. நாலு பேருக்குப் பிரித்தாலும் ஆளுக்கு 250 கலோரிக்கு மேல், ஒரு வேளைச் சாப்பாட்டில், தேங்காயிலிருந்து மட்டும். தாளிக்கவும் வதக்கவும் ஊற்றிய தேங்காயெண்ணெய் நாலு மேசைக்கரண்டி. ஒரு கரண்டிக்கு 120 கலோரி என்றால் அதில் ஆளுக்கு இன்னொரு 120. நான் தினமும் பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடும் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்துகொண்டிருந்தேன். அந்த நடைக்கு 300 கலோரி செலவானால் அதிகம்.

அம்மா தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தேங்காய நிறுத்துப் பாத்தா கறி வைப்பினும்? தேங்கா இல்லாம அது கறியா மக்ளே?"

தேங்காய் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தேங்காய் இல்லாமல் எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை. இருக்கவும் வேண்டாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. மறுநாள் அம்மாவிடமே கேட்டேன்: தீயலுக்கு வேண்டியது தேங்காயா, வறுத்த தேங்காயின் மணமா? அம்மா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு பிடி தேங்காயை மட்டும் எடுத்து இரும்புச் சட்டியில் போட்டார். எண்ணெய் ஊற்றவில்லை. தீயைக் குறைத்து, கை எடுக்காமல் கிண்டினார். வெள்ளை மாறி மஞ்சளாகி, மண் நிறமாகி, ஓரம் சிவந்து வந்தது. நான் போதும் என்றேன். அம்மா கேட்கவில்லை. காப்பிப்பொடி நிறம் வந்து, அடுத்த நொடி கரிந்துவிடும் என்ற இடத்தில்தான் சட்டியை இறக்கினார். அந்தச் சூட்டிலேயே மல்லியும் வத்தல்மிளகும் நாலு நல்லமிளகும் கொஞ்சம் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டினார். கூடவே வதக்கிய சின்ன உள்ளி பத்தைச் சேர்த்து அரைத்தார். உள்ளி சேர்ந்ததால் அரைப்பு கெட்டியானது. புளி கரைத்து ஊற்றிக் கொதித்ததும் வந்த வாசனைக்கும் ஒரு மூடித் தேங்காய்த் தீயலின் வாசனைக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எண்ணெய் மட்டும் மேலே மிதக்கவில்லை. அந்த ஒரு பிடி 42 கிராம் இருந்தது. அதன்பிறகு பல தடவை நிறுத்திருக்கிறேன். அம்மாவின் பிடி 40-க்குக் குறையாது, 45-க்குக் கூடாது. தராசை இப்போது அவர் எடுக்க விடுவதில்லை.

தேங்காய் குறைந்த முதல் மாதத்திலேயே எடை இறங்கத் தொடங்கியது. ஆனால் சாயங்காலம் ஆனால் பசி வயிற்றைப் பிடுங்கும். இரவு ஒன்பது மணிக்கு எழுந்து போய் சிப்ஸ் டப்பாவைத் திறப்பேன். காலையில் படுக்கையிலிருந்து எழும்ப மனம் வராது. வலது கால் விரல் இரண்டு மரத்துப்போய் இருக்கும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒரு நாள் பத்தடி நடந்திருக்கிறேன். எடை குறைவதால் வரும் சோர்வு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் என் தட்டை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தேன். மரச்சீனியும் தேங்காய்ச் சம்மந்தியும். இதே தட்டில் சின்ன வயதில் இருந்து இன்னொன்று இருந்தது. சாளைக் கறி.

மரச்சீனி எங்கள் ஊர்க் கிழங்கு இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரவலாகப் பயிரிட வைத்தார். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் முழுக்க அடுப்பை எரியவைத்தது இந்தக் கிழங்குதான். 1956 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அந்த நாட்கள் நினைவிருந்தன. மூன்று வேளையும் மரச்சீனி தின்ற கதையைச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் கூடவே சாளையும் வரும். "ஒரு சாளத்துண்டு இருந்தாப் போரும், ஒரு சட்டி கெழங்கு எறங்கிரும்."

அந்தச் சாளைத்துண்டு தொட்டுக்கொள்ள மட்டும் இல்லை. மரச்சீனி 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. மீதி பெரும்பாலும் தண்ணீரும் மாவும்தான். சாளை 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 20 கிராம். முள்ளோடு மென்று தின்கிற மீன் என்பதால் கால்சியம். கொழுப்புள்ள மீன் என்பதால் ஒமேகா 3. கடல் மீன் என்பதால் அயோடின். செடி கொடி எதிலும் இல்லாத பி12. கிழங்கு வயிற்றை நிரப்பியது. உடம்புக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் அந்தச் சின்ன மீன் சுமந்தது. நான் சாளையை எடுத்துவிட்டேன், அது இருந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. தேங்காயையும் கிழங்கையும் வைத்து அந்த இடத்தை மூடினேன். எடை கூடியதும் பசி அடங்காததும் அதனால்தான்.

அந்தக் காலத்துச் சாப்பாடு எல்லாமே நல்லது என்று எங்கள் பக்கத்தில் மேடை போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஆத்தா தலையில் சுமந்த சாணிக்கூடையையும் தாத்தா ஏறிய பனையையும் சேர்த்துச் சொல்லாமல் அவர்கள் தின்ற மரச்சீனியை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். ஒரு நாளில் காலையும் மாலையுமாக முப்பது பனை ஏறி இறங்கி அக்கானி (பதநீர்) எடுக்கிற மனிதனுக்கு அந்தக் கிழங்கு போதாது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் எனக்கு அதில் கால்வாசி போதும்.

சரி, சாளை இருந்த இடத்தில் எதை வைப்பது? பதில் எங்கள் சமையல்கட்டிலேயே டப்பாவில் இருந்தது. சிறுபயறு. கஞ்சியும் பயறும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு அது, விரதத்துக்கு அது, கையில் காசு இல்லாத மாசக் கடைசிக்கும் அது. அதனாலேயே அதை நாங்கள் இல்லாத வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கியிருந்தோம். 100 கிராம் பயறில் புரதம் ஏறக்குறைய 24 கிராம். நார்ச்சத்து நிறைய. மாவுச்சத்தும் பைய ரத்தத்தில் ஏறும். பயறு தின்ற வயிறு மூன்று மணி நேரம் கேட்காது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எடை குறைக்கும்போது தசையும் சேர்ந்து கரையும் என்பதால், என் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைக்கு வரும் கணக்குக்கு மேலேயே நான் வைத்துக்கொண்டேன், நாளைக்கு 65 கிராம். இது தானாக வராது, திட்டம் போட்டால்தான் வரும். காலையில் 50 கிராம் பயறோ காணமோ (கொள்ளு), முந்தின நாள் ஊறவைத்து முளைகட்டி அவித்தது. மத்தியானம் சம்பா அரிசிச் சோறு ஒரு அகப்பை, இரண்டு அகப்பை பருப்போ வன்பயறோ, தட்டில் பாதி காய். சோயா உருண்டை 40 கிராம் வாரத்தில் நாலு நாள். அதிலேயே 20 கிராம் புரதம் வந்துவிடும். சாயங்காலம் ஒரு கைப்பிடி கப்பலண்டி (வேர்க்கடலை), அவித்தது. வறுத்தால் ஒரு பிடியோடு கை நிற்காது. கட்டன்சாயா, சீனி இல்லாமல். சாயாவைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதை விட்டேன். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் சாயா தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பயறின் மேல் எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பு நன்றாகச் சேரும்.

முதல் இரண்டு வாரம் வயிறு ஊதிக்கொண்டது. இதுவரை தினம் பயறு தின்னாதவர்கள் முதல் நாளே ஒரு கிண்ணம் எடுக்க வேண்டாம். இரண்டு கரண்டியில் தொடங்குங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெள்ளைப்பூண்டும் கொஞ்சம் பெருங்காயமும் சேர்த்து வேகவையுங்கள். மூன்றாம் வாரத்தில் எனக்குச் சரியானது.

மரச்சீனியை நான் விடவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், அவித்தது 120 கிராம், கூட ஒரு கிண்ணம் பயறுத் தீயல். கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அதில் உள்ள சயனைடு பெரும்பாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

இந்தச் சயனைடு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இது எங்கள் மாவட்டத்து நனிசைவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மிச்சம் மீதி சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறும். அது தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்வதைத் தடுக்கும். கடல் மீன் தின்பவனுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, அயோடின் கிடைத்துக்கொண்டே இருக்கும். மீனையும் பாலையும் விட்டவருக்கு? மண்சட்டிச் சமையலோடு சேர்ந்து இப்போது கல்லுப்புக்கும் மவுசு வந்திருக்கிறது. சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளத்து உப்பை நானும் பெருமையோடு வாங்கி வைத்திருந்தேன். அயோடின் சேர்க்காத உப்பு. மீன் இல்லை, பால் இல்லை, உப்பிலும் அயோடின் இல்லை, கூடவே மரச்சீனி. நான் இந்த நாலையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தேன். தைராய்டு மந்தமானால் எடையும் கூடும், சோர்வும் வரும். நல்லவேளையாக எனக்கு அளவு சரியாகவே இருந்தது. அன்றே அயோடின் உப்புக்கு மாறினேன். கல்லுப்பு ஊறுகாய்க்கும் காய் கழுவவும் போனது.

மரத்துப்போன விரலுக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் ரத்தம் பார்த்தபோது பி12 அளவு 148. 200-க்குக் கீழே போனால் குறைபாடு. நாலு மாதம் மீனும் பாலும் இல்லாததால் இப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமித்து வைக்கப்படும், நாலு மாதத்தில் தீராது. மூன்று வருடம் எடுத்த மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்குக் கடையில் நானே வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரையும் உடம்பு பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைத்திருந்தன. மீன் தின்ற காலத்திலேயே என் இருப்பு கரைந்துகொண்டிருந்தது. மீனையும் நிறுத்தியதும் வரத்து அடியோடு நின்றது. ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. மரப்பு போக ஐந்து மாதம் ஆனது. தாமதித்திருந்தால் நரம்பு நிரந்தரமாகவே கெட்டிருக்கும் என்றார்.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பி12 கீரையில் இல்லை, பயறில் இல்லை, பழைய சோற்றை நம்பியும் இருக்க முடியாது. நாளுக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் அதை மாத்திரையாகவோ சேர்த்துத் தயாரித்த உணவாகவோதான் நனிசைவர் எடுக்க முடியும். தொடங்கும் நாளிலிருந்தே எடுக்க வேண்டும். கீரை நிறையத் தின்பதால் ஃபோலிக் அமிலம் நன்றாகக் கிடைக்கும். அது ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு பாட்டுக்கு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். மாத்திரை போடுவது இயற்கைக்கு விரோதம் என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. ஒரு கன்றுக்காகப் பாலை விட்டவளுக்கு ஒரு மாத்திரை எவ்வளவு சின்ன விலை! இன்னொன்று, சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாவு குறையும்போது பழைய அளவு மருந்து சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும்.

கால்சியத்துக்கு முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள்ளு, கேழ்வரகு. கொல்லையில் முருங்கை நிற்கிறது. ஒமேகா 3-க்கு ஆளி விதை ஒரு கரண்டி பொடித்து எடுக்கிறேன். மீனில் இருப்பது அப்படியே அதில் இல்லை, உடம்பு கொஞ்சம்தான் மாற்றிக்கொள்ளும் என்று தெரியும். கடல்பாசியிலிருந்து எடுத்த எண்ணெய்க் குளிகை இருக்கிறது, எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இவ்வளவு கணக்குச் சொன்னாலும் என்னை இதில் நிறுத்தி வைத்தது திங்கள்சந்தை. நாங்கள் அரைச்ச அரைப்பில் மீன் நீந்துவதையே பார்த்துப் பழகியதால் இந்த ஊரில் எத்தனை காய் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. மார்கழி, தையில் சிறுகிழங்கு. அதன் தோலைச் சாக்கில் போட்டு உரசி எடுத்தால் கை கறுத்துப்போகும், ஆனால் அந்த மண்வாசனைக்கு ஈடில்லை. சேனை, சேம்பு, காய்ச்சில். வாழைக்கூம்பு, வாழைத்தண்டு, தடியங்காய், வழுதலங்காய், பீச்சிங்காய். மாசியில் இடிச்சக்கை வரும். கொட்டை முற்றாத பிஞ்சுப் பலா, கொத்தி அவித்து ஒரு பிடி தேங்காயில் துவரன் வைத்தால் வயிறு நிறையும், கலோரி குறைவு. அதே சக்கை பழுத்து வருக்கைச் சுளையாக வந்தால் நான் நாலு சுளையோடு எழுந்துவிட வேண்டும். பழத்திலும் அப்படித்தான். ஒரு பெரிய ஏத்தன்பழம் தனியாகவே ஒரு சிற்றுண்டி அளவுக்கு வரும். மட்டி வாழைப்பழம் விரல் அளவுதான். நான் மட்டிக்கு மாறினேன். எங்கள் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மீன் கறியின் நினைப்பு வராமல் இல்லை. மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுச் சட்டி கொதித்தால் வாசல்வரை வரும். அந்த வாசனையில் பாதி மீன் இல்லை, குடம்புளியும் மல்லியும் வெந்தயமும் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் என்று அம்மாதான் கண்டுபிடித்தார். அதே மண்சட்டியில், அதே அரைப்பில், சக்கக்குருவும் (பலாக்கொட்டை) மாங்காயும் முருங்கைக்காயும் போட்டு வைத்தார். முதல் நாள் சுமார். மறுநாள் காலை, புளி உள்ளே இறங்கி, பழங்கறியாக ஆனபோது கொள்ளாம். இப்போது அது வாரம் ஒரு தடவை.

வெளியே சாப்பிடுவது பெரிய பாடில்லை. கல்யாணப் பந்தியில் நெய், புளிசேரி, மோர், சேமியா பாயாசம் வேண்டாம் என்று கையை மறைத்தால் போதும். எங்கள் பக்கத்து அவியலில் பல வீடுகளில் தயிருக்குப் பதில் மாங்காய்தான், கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். பந்தியில் என்னைத் தோற்கடிப்பது சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும். 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல். இலையில் விழுந்த நாலைத் தின்றுவிட்டு, மறுபடி வரும்போது இலையை மூடுவதுபோலக் கை வைத்துக்கொள்வேன்.

2025 பிப்ரவரியில் 69 கிலோ. பதினாலு மாதத்தில் 15 கிலோ. நடுவில் இரண்டு மாதம் ஒரு கிராம்கூட இறங்காமல் நின்றது. அந்த இரண்டு மாதமும் அழுதிருக்கிறேன். இடுப்பு 88. இன்னும் 80-க்கு வரவில்லை. நிறை எண்ணும் இன்னும் 25-க்கு மேல்தான். மூன்று மாத சர்க்கரை 5.6. மெட்ஃபார்மினை டாக்டரே நிறுத்தினார். முட்டு, படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது.

வீட்டில் மற்றவர்களுக்கு மீன் வருவது நிற்கவில்லை. அவரும் மகனும் தின்கிறார்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பயறு தினமும் மேசையில் இருப்பதால் வாரம் ஏழு நாள் வாங்கிய மீன் இப்போது மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. அது எனக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது. இருபது வருடம் என் படியில் இறக்கிய சருவம். அதை நம்பி ஒரு வீடு ஓடுகிறது. கன்றுக்காக ஒன்றை விட்டேன், அது இன்னொருவர் வரவில் கை வைக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன தவக்காலத்தில் ஒரு நாள் அவர் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது கேட்டேன், "வீட்டில இப்ப மீன் கறியா அக்கா?"

"நோம்பு காலத்தில ஏது மக்ளே மீனு. பெரிய வெள்ளிக்குக் கோயில்ல கஞ்சியும் பயறும்தான். வீட்டிலயும் அதுதான்." மூடியிருந்த தட்டைத் தூக்கி அந்த நாளைய மீனைக் காட்டினார். சாளை, வெள்ளியாக மின்னியது. "நாப்பது நாளு நாங்களும் உன்ன மாதிரித்தான்."

அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு கிண்ணத்தில் பயறுத் தீயல் கொடுத்தேன். விரலால் வழித்து ருசி பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, அம்மாவிடம் சத்தமாகக் கேட்டார்:

"அம்மே, தேங்கா எத்தன மூடி போட்டிய?"

அம்மா உள்ளேயிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டினார்.